ஸ்டோர்ச் சத்தம்: கடிதம்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து, நண்பர் எடுத்த குறும்படத்துக்கு இசையாக்கினேன். “மெஷின் சத்தமெல்லாம் இசையா?” என்று சிரிக்கிறார்கள். இப்படித் தொடங்கித் திரையிசையில் நிலைத்தவர் எவராவது உண்டா? படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உண்டு. ஐஸ்லாந்துக்காரர் யோஹான் யோஹான்சன். அவருடைய அப்பா ஐபிஎம் கணினிகளைப் பராமரித்த பொறியாளர். 1964இல் அந்த நாட்டுக்கு வந்த 1401 என்ற கணினியின் அருகே வானொலிப் பெட்டியை வைத்தால், அதன் மின்காந்த அலைகள் இரைச்சலாகக் கேட்கும். அப்பா நிரலை மாற்றி எழுதி, அந்த இரைச்சலையே மெட்டாக்கினார். 1971இல் கணினியைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். பாட்டு மட்டும் ஒலிநாடாவில் தங்கியது. மகன் அந்த நாடாவோடு 60 பேரின் நரம்பிசையைச் சேர்த்து 2006இல் இசைத்தொகுப்பாக வெளியிட்டார். இத்தனைக்கும் அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது மொழியும் இலக்கியமும்.

அவர் இசையமைத்த ‘தி தியரி ஆஃப் எவரிதிங்’, ‘சிகாரியோ’ படங்கள், இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை, 2018இல் 48 வயதில் மரணம்: இவையெல்லாம் தேடினால் கிடைக்கும். எனக்குப் பிடித்தது ‘மதர்!’ படத்தில் அவர் செய்த காரியம். படம் முழுவதற்கும் இசை எழுதினார். படத்தோடு சேர்த்துக் கேட்டபின், இசையே வேண்டாம் என்று இயக்குநரும் அவருமாக முடிவெடுத்தார்கள். நம் காமன் கூத்தில் தப்பு மேளம் அடிப்பவரிடம் ஓர் அடியைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

உங்கள் படத்தைப் பார்த்தேன். கொழுந்து அரைக்கும் ரோலர் உருளும் சத்தம் அருமையாகப் பதிந்திருக்கிறது. பயந்துபோய் அதன்மேல் கீபோர்டு வயலினைக் கொட்டிவிட்டீர்கள். சிரித்தவர்கள் அந்தப் பயத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஸ்டோருக்கு நேர் கீழே. கொழுந்து வாட்டும் மாடியில் விசிறிகள் இரவெல்லாம் இரையும். அதுதான் எங்களுக்குத் தாலாட்டு. கரண்ட் போய் விசிறி நின்றால் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். அம்மா தீப்பெட்டியைத் தடவி எடுப்பதற்குள் ஓடைத் தண்ணீர், தகரக் கூரையில் பனி சொட்டுவது, அடுத்த காம்பராவில் தாத்தாவின் இருமல் என்று ஒவ்வொன்றாகக் காதுக்கு வரும்.

வயலினை எடுத்துவிடுங்கள். படத்தில் அந்த அக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து நெற்றியைத் தடவுகிறாரே, அங்கே ரோலரையும் நிறுத்துங்கள். பத்து விநாடி போதும். திருத்தியதும் அனுப்புங்கள்.