மொட்டைக் காம்பில் மறுபடியும் பூ

கேள்வி: பால்காய்ப்புக்கு வந்த ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் தொட்டி இது. பூ கொட்டியதும் தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் சமையலறை ஜன்னலில் சும்மா வைத்திருந்தேன். இப்போது பழைய காம்பிலேயே ஏழு மொட்டு! எப்படி?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அட, கொடுத்து வைத்தவர் நீங்கள்! காம்பு பச்சையாக இருக்கும்வரை கணுவிலிருந்து கிளைத்துப் பூக்க வாய்ப்பு உண்டு, அதை வெட்டாமல் விட்டீர்களே, அதுதான் விஷயம். மரத்தில் ஒட்டி வளர்கிற செடி இது, மண்ணே வேண்டாம், கதம்பைத் (தேங்காய் மட்டை) துண்டும் கரியும் போதும். வேர் வெள்ளியாக வெளுத்தால் தண்ணீர் விடுங்கள், பச்சையாக இருந்தால் சும்மா இருங்கள். தோவாளையில் காலையில் வாங்கிய பிச்சி மறுநாளே வாடிவிடும், இது இரண்டு மாதம்கூட நிற்கும். அப்புறம், மொட்டு விரியும்வரை தொட்டியை நகர்த்தாதீர்கள். நான் ஒருமுறை அழகு பார்க்க ஹாலுக்கு மாற்றி, மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது.