ரைடிங் என்றால் உங்கள் தொகுதி, தம்பி

அடுத்த மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து குடும்பத்தோடு டொரண்டோ புறப்படும் தம்பிக்கு: வீடு பார்த்துக் கொடுத்த உறவினர் "நல்ல ரைடிங்" என்று எழுதியதன் பொருள் என்ன, அங்கே பைக் ஓட்டலாமா, பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) உள்ளவர்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒண்டாரியோவில் அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பனிக்காலத்தில் பெரும்பாலோர் வண்டியை மூடி வைத்துவிடுவார்கள்.

கனடாவில் ரைடிங் என்பது தேர்தல் தொகுதி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரை மூன்றாகப் பிரித்தபோது 'மூன்றில் ஒரு பங்கு' என்ற பொருளில் வழங்கிய பழைய பெயர் அது, சவாரியோடு உறவில்லாதது. 2025 நாடாளுமன்றத் தேர்தல் 343 ரைடிங்குகளில் நடந்தது. குடியுரிமை பெறும்வரை உங்களுக்கு ஓட்டு இல்லை. "பெயரைச் சேர்த்துப் போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்ல நம்மவர்களிலேயே ஆள் உண்டு. கேட்காதீர்கள், அது குற்றம்.

ஆனால் ஓட்டு இல்லாதவருக்கும் எம்.பி. உண்டு என்பதுதான் நீங்கள் முக்கியமாக அறிய வேண்டியது. நான் போன புதிதில் மனைவியின் விசா விண்ணப்பம் அசையாமல் கிடந்தது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஓர் ஏஜென்ட் பெருந்தொகை கேட்டார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர்தான் என்னை எங்கள் ரைடிங்கின் எம்.பி. அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குடிவரவுத் துறையிடம் அவர்களே விசாரித்து, எந்தத் தாள் குறைகிறது என்று சொன்னார்கள். கட்டணம் ஒரு காசு இல்லை. முடிவை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, நிலவரத்தைக் கேட்டுச் சொல்வார்கள். புதிதாக வந்தவர்களிடம் இதற்குப் பணம் பறிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் ஊர்க்காரர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதி 49 ஓட்டில் முடிவானதை இன்றும் மணிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கு, தாம் குடியிருக்கும் ரைடிங்கின் பெயர் தெரிவதில்லை. பட்டாவுக்காக என் தகப்பனார் திங்கள்கிழமைதோறும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கம்தான், அரைகுறை ஆங்கிலத்தோடும் அந்த அலுவலகத்தில் கூசாமல் பேச வைத்தது. பிறகு எத்தனையோ புதியவர்களை அங்கே நானே அழைத்துப் போயிருக்கிறேன்.

இறங்கிய வாரமே, கனடா தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து ரைடிங்கைத் தெரிந்துகொண்டு, எம்.பி. அலுவலக முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.