சந்தியாகோ யாத்திரைச் சொரூபங்கள்: அசபாச்சே பற்றிக் கேள்வி பதில்

ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்குப் போன இடைக்கால யாத்ரீகர்கள் வாங்கிவந்த கறுப்புச் சொரூபங்கள் என்ன கல்?

கல்லே இல்லை, மரம். ஜுராசிக் காலத்தில் மண்ணில் புதைந்து நிலக்கரி போல இறுகியது. ஸ்பானியர்கள் அசபாச்சே என்பார்கள், ஆங்கிலத்தில் ஜெட். நல்ல சரக்கு வடக்கு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து வந்தது. செதுக்குபவர்களின் கடைகள் சந்தியாகோ பேராலயத்தின் வடக்கு வாசலை ஒட்டி இருந்தன. அந்த முகப்புக்கு இன்றும் அசபாச்சேரியா என்றுதான் பெயர்.

வசதியில்லாதவர்கள் எதை வாங்கினார்கள்?

இந்த யாத்திரையின் அடையாளமான சிப்பி ஓடு, நிஜமானதே. மேல்பக்கம் இரண்டு துளை போட்டுத் தொப்பியிலோ பையிலோ தைத்துக்கொண்டார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிப்பிகளும் உண்டு. சந்தியாகோவுக்கு வெளியே இவற்றை விற்கக் கூடாதென்று 13-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையரே தடை போட்டார்கள்.

இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் சொரூபங்களில் கைத்தடி உடம்போடு ஒட்டியே இருக்கிறதே, செதுக்கத் தெரியாமலா?

நன்றாகத் தெரிந்துதான். அசபாச்சேயில் அடி விழுந்தால் கண்ணாடி மாதிரி சில்லு பெயரும். தடியைத் தனியே மெலிதாக நிறுத்தினால் ஊர் போய்ச் சேருமுன் முறிந்துவிடும். அதனால் தடி, புத்தகம், தொப்பி எல்லாம் ஒரே கட்டைக்குள் அடங்குகின்றன. காலடியில் முழந்தாளிட்டிருக்கும் குட்டி யாத்ரீகர்களையும் பாருங்கள்: அங்கியோடு ஒட்டி நின்று அடிப்பகுதியை அகலமாக்குகிறார்கள். பொருளின் பலவீனத்தை அழகாக மாற்றிய வேலை இது.

கையாலேயே ஒரு சிறு சிப்பி செதுக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

முதலில் துண்டைச் சாய்வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசலோ பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமத்தின் பொன்னிறப் பொட்டோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பைரைட் ஈரக்காற்றில் பொருமித் துண்டைப் பிளந்துவிடும். நுண்பல் ரம்பத்தால் வெளிவடிவம், அரத்தால் வளைவு. தொங்கவிடும் துளையை விசிறிக் கோடுகளுக்கு முன்பே போடுங்கள். கடைசியில் உடைந்தால் அத்தனை வேலையும் வீண். இருபுறமிருந்தும் பாதிப்பாதி துளையுங்கள், ஒரே பக்கமாகப் போனால் மறுவாயில் சில்லு பறக்கும். அவ்வப்போது தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள், சூடேறினால் விரிசல் விடும். கோடுகளைக் கத்தி நுனியால் சுரண்டி எடுங்கள், அழுத்தி வெட்ட வேண்டாம். பிறகு 400, 800, 1200 நம்பர் உப்புத்தாள், ஈரத்தோடு. கடைசி மெருகுக்கு எண்ணெயில் குழைத்த டிரிப்போலி பொடியும் பருத்தித் துணியும் போதும். காய்ந்த தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

ஏலத்தில் ஒன்று வருகிறது. அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி குளிரும், கனக்கும். அசபாச்சே லேசாக இருக்கும், அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 1.3 மடங்குதான். கம்பளியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். பிளாஸ்டிக்கும் இழுக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. விற்பவர் சம்மதித்தால் அடிப்பக்கத்தை மெருகிடாத பீங்கானில் மெல்ல உரசுங்கள், பழுப்புக் கோடு விழ வேண்டும். கந்தகமிட்டு இறுக்கிய ரப்பரும் பழுப்பாகவே கோடு போடும், ஆனால் தேய்த்தால் கந்தக வாடை காட்டிக்கொடுக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது பழம்பொருளுக்குச் செய்யும் கொடுமை, வேண்டவே வேண்டாம். அசல் ஜெட் என்று தெரிந்தாலும் இடைக்காலத்தது என்று ஆகிவிடாது. சந்தியாகோவில் இன்றும் செதுக்கி விற்கிறார்கள். துளையின் உள்விளிம்பையும் மடிப்புகளின் ஆழத்தையும் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.