ராஜா அனுமதியும் இல்லை, எரு மூட்டையும் இல்லை

கேள்வி: 'ஃபக்' என்பது "மன்னரின் இசைவோடு உடலுறவு" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம், 'ஷிட்' என்பது கப்பலில் போன எரு மூட்டைகள் மேல் "உயரத்தில் வைக்கவும்" என்று எழுதியதன் சுருக்கம். வகுப்பில் ஆங்கில ஆசிரியரே சொன்ன தகவல். பெட்டிச் செய்தியாகப் போடலாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போட மாட்டோம். இரண்டும் கட்டுக்கதை. ஆசிரியர் சொன்னார் என்பதால் அது வரலாறாகிவிடாது.

முதல் கதை: கொள்ளைநோயில் மக்கள்தொகை சரிந்ததாம், பிள்ளை பெற அரசனிடம் அனுமதி வாங்கி வாசலில் பலகை மாட்டினார்களாம். அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இருந்ததில்லை. அன்று அரச ஆணைகள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டன. நீதிமன்றப் பதிவுகளோ 1733 வரை பெரும்பாலும் லத்தீனில்தான். அதில் ஆங்கிலச் சுருக்கம் எங்கிருந்து வரும்? முதலெழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் வழக்கம் இரண்டு உலகப் போர்களின்போதுதான் பரவியது. 'ரேடார்' 1940இல் அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர். இவ்வகைச் சொற்களைக் குறிக்கும் 'அக்ரோனிம்' என்ற பெயரே ஆங்கிலத்துக்கு 1940களில்தான் வந்தது. 1900க்கு முந்திய வசைச் சொல்லுக்கு யாராவது முதலெழுத்து விளக்கம் தந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

'ஃபக்' சொல்லுக்குக் கிடைக்கும் உண்மையான சான்று இதைவிடச் சுவையானது. 15ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கார்மலைட் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகளைச் சாடி லத்தீனும் ஆங்கிலமும் கலந்து ஒருவர் பாட்டெழுதினார். இவர்களுக்குச் சொர்க்கம் இல்லை என்று லத்தீனில் சொல்லிவிட்டு, காரணத்தைச் சங்கேதத்தில் ஒளித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் அடுத்தது: எஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஜி, சி இருக்க வேண்டிய இடத்தில் டி. இன்றைய 26 எழுத்தை வைத்துப் பிரித்தால் தப்பாகும். அன்று யுவும் வியும் ஒரே எழுத்து, டபிள்யு தனி எழுத்தே அல்ல. ஆகவே யுவுக்கு அடுத்தது எக்ஸ். சரியாகப் பிரித்தால் 'ஃபக்கன்ட்' என்று வரும். ஆங்கில வேரில் லத்தீன் வினைவிகுதியை ஒட்டியிருக்கிறார்! பக்கத்து ஊரான ஈலியின் மனைவியரோடு கூடுகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. எல்லாருக்கும் தெரிந்த கெட்ட வார்த்தையாக இருந்தால்தானே மறைத்து எழுத வேண்டும்? அரசன் அனுமதித்த காரியத்தை யாரும் இப்படி ஒளிக்க மாட்டார்கள். டச்சு மொழியின் 'ஃபொக்கென்', நார்வே வட்டார வழக்கின் 'ஃபுக்கா' ஆகியவை இதன் உறவுக்காரச் சொற்கள். ஆக, இது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல்.

எழுத்தில் இது அரிதாகக் கிடைப்பதற்கு இடக்கரடக்கல்தான் காரணம். 1598இல் ஜான் ஃப்ளோரியோ தம் இத்தாலிய–ஆங்கில அகராதியில் துணிந்து போட்டார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியில் விட்டுவிட்டார். 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பிலும் இல்லை; 1972இல் வந்த துணைத் தொகுதியில்தான் இடம் கிடைத்தது. அகராதி வாய்மூடியிருந்த இடத்தில் கட்டுக்கதை புகுந்துகொண்டது. ஒழுக்கம் காக்கிறோம் என்று சொல்லை மறைத்ததால் போனது அதன் வரலாறு. சொல் எங்கும் போய்விடவில்லை.

கப்பல் கதை: எரு நனைந்து, மீத்தேன் சேர்ந்து, விளக்கோடு இறங்கிய மாலுமி வெடித்துச் செத்தாராம்; அதனால்தான் மூட்டையில் அப்படி எழுதினார்களாம். ஆனால் மலத்தைக் குறிக்கும் இந்தச் சொல் ஜெர்மனில் 'ஷைசெ', வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸில் 'ஸ்கீட்டா', டச்சில் அதற்கொரு வினை. இத்தனை மொழிக்கும் பொதுவான சொல்லை ஆங்கிலேய மாலுமி எப்படி உண்டாக்கியிருக்க முடியும்? ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிலோ-சாக்ஸன்கள் பிரிட்டனுக்கு வரும்போதே கொண்டுவந்த சொல் அது.

பழைய ஆங்கிலத்தில் வினை 'ஸ்கீட்டன்'. கப்பலைக் குறித்த 'ஸ்கிப்' பிறகு 'ஷிப்' ஆனதுபோல இங்கும் 'ஸ்க்' என்பது 'ஷ்' ஆயிற்று. நெடில் 'ஈ' பின்னர் 'ஐ' ஆனது. 'எழுது' எனப் பொருள்படும் 'ரீட்டன்' என்ற வினை 'ரைட்' ஆனதைப் பாருங்கள். அந்தக் கணக்கில் 'ஷைட்' என்றுதான் வர வேண்டும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்றும் அப்படித்தான் திட்டுகிறார்கள். குறில் ஒலி, 'எழுதிய' எனப் பொருள்படும் 'ரிட்டன்' போன்ற இறந்தகால எச்ச வடிவத்திலிருந்து வந்தது. பொதுவழக்கில் அதுவே நிலைத்துவிட்டது. மூட்டையில் எழுதிய சுருக்கம் என்றால் 'ஷைட்' என்ற வடிவத்துக்கு விளக்கமே கிடையாது. உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்.