தம்பியின் தூண்டில்

தூண்டிலைப் பறிக்க வேண்டாம். மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கும் தம்பி காலையில் எழும்புவதே இல்லை, பின்னேரமானால் மட்டும் கல்லடி வாவிக்கரைக்குத் தூண்டிலோடு போய்விடுகிறான், இது நடிப்பா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மனச்சோர்வு பலருக்குக் காலையில்தான் கனக்கும், பின்னேரம் கொஞ்சம் இளகும். சில குளிசைகள் தூக்கத்தையும் கூட்டும்.

என் அக்கா மனச்சோர்வில் இருந்த நாட்களில் கூட்டிய முற்றத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுவா. விளக்குமாற்று ஈர்க்கு தேய்ந்து கட்டையாகிவிட்டது. நான் ஏசினேன். கூட்டுவதை விட்டா, அப்புறம் சாப்பாட்டையும் விட்டா. இன்றும் நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

ஒரு கிழமை பாருங்கள்: கரையிலிருந்து வந்தபின் சாப்பிடுகிறானா, இரண்டு வார்த்தை பேசுகிறானா? ஆமென்றால் அந்தத் தூண்டில் அவனுக்கு உதவுகிறது. காலைத் தூக்கத்தைக் கிளினிக்கில் சொல்லுங்கள், குளிசை நேரத்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்தவே கூடாது.

ஆனால் சாவைப் பற்றிப் பேசினால், தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவனைத் தனியே விடாமல் அன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.