வானலை, இணையம், உரிமை: இலங்கை வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வவுனியா): அண்ணா, ரேடியோவில நான் ஒழுங்காக் கேட்ட நிகழ்ச்சியத் திடீரெண்டு நிப்பாட்டிப்போட்டாங்கள். கேக்கிறவனுக்கு ஏதும் உரிமை இருக்கா?

பதில்: இருக்கு, ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1995இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை இடைநடுவில் நிறுத்தியது. நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சம், ஹைகோர்ட்டை மேல் நீதிமன்றம் என்போம்.) 1996 தீர்ப்பு சுவாரசியமானது. தகவல் அறியும் உரிமை என்று அவர் கேட்டது எடுபடவில்லை. நிகழ்ச்சியில் தானும் பங்குபற்றிப் பேசிய நேயர் என்பதால் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்றது நீதிமன்றம். நீங்கள் அந்த நிகழ்ச்சிக்கு எப்பவாவது கோல் எடுத்துக் கதைச்சனீங்களா? முதலில் அதைச் சொல்லுங்கோ.

கேள்வி (மட்டக்களப்பு): தனியார் சேனலுக்கு அனுமதி குடுக்கிறது ஆர்?

பதில்: அமைச்சர். வானொலிக்கு 1966 சட்டம், டிவிக்கு 1982 ரூபவாஹினிச் சட்டம். 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, வானலை பொதுச் சொத்து, அதைப் பார்க்கும் சபை அரசின் பிடியில் இருக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் மறித்தது. சட்டமூலம் போச்சு, பழைய முறை தங்கிவிட்டது. வெற்றிதான், ஆனால் பேனை இன்னும் அமைச்சர் கையில்.

கேள்வி (கொழும்பு): 2022இல் பேஸ்புக்கை மூடினது சட்டப்படியா சேர்?

பதில்: ஏப்ரல் 3, ஞாயிறு. நாடெங்கும் ஊரடங்கு. விடிய எழும்பிப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி மட்டும், மற்றச் சரி விழவே இல்லை. பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தடுத்தது. நீதிமன்றக் கட்டளை ஏதும் இல்லை. அதற்குள் பாதிச் சனம் தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன்னுக்குள் போய்விட்டது, பின்னேரம் தடையும் போய்விட்டது. 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் நாட்கணக்கில் பூட்டினார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பேஸ்புக்கைத் தடுக்கச் சொல்லி அமைச்சு அனுப்பின கடிதத்தை நாங்கள் கேட்டு வாங்கலாமா?

பதில்: கேட்கலாம். அதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதுங்கோ. "தடைக்கான கோரிக்கைக் கடிதத்தின் பிரதி" என்று திகதியோடு குறிப்பாகக் கேட்டால்தான் நழுவ முடியாது. 14 வேலை நாளுக்குள் தரலாமா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். "தேசிய பாதுகாப்பு" என்று மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, பிறகு தகவல் ஆணைக்குழு. கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதேங்கோ.