பி.யு.சி.யில் தேறாத பழைய ஆம்னி, சீட்டுக்கடியில் பெட்ரோல் வாடை: கசிவு எங்கே என்று எப்படிப் பார்ப்பது?

கடலூரில் 2009 மாடல் எம்.பி.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் விடும்) மாருதி ஆம்னி, பி.யு.சி. என்ற புகைச் சோதனைச் சான்று கிடைக்கவில்லை, உள்ளே வாடையும் அடிக்கிறது என்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் பி.யு.சி. சைலன்சர் புகையை மட்டும்தான் அளக்கும். டேங்க் மூடி வாஷர் கிழிந்து ஆவி போனால் வாடை வரும், ஆனால் அதற்காக வண்டி ஃபெயில் ஆகாது. இரண்டும் சேரும் இடம் பர்ஜ் வால்வ். டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவிலிருந்து (கேனிஸ்டர்) அதை இன்ஜினுக்கு விடும் வால்வ் அது.

முதலில் சோதனைச் சீட்டைப் படியுங்கள். உங்கள் வண்டிக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 750 பி.பி.எம். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் பிளக், பிளக் ஒயர் பக்கம் போங்கள், சரியாகப் பற்றாமல் விட்டுவிட்டு எரியும் மிஸ்ஃபயராக இருக்கும். இரண்டும் எகிறியிருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு, பர்ஜ் வால்விலிருந்து மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் காற்று இழுக்கும் குழாய்) போகும் ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டு பக்கத்தை இறுக அடையுங்கள். (பழைய ரப்பரை பிளையரால் நசுக்கினால் விரிசல் விட்டுவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன்.) பி.யு.சி. மீட்டரில் மோனாக்சைடு இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

வால்வைக் கழற்றி, கம்ப்ரஸர் இல்லாமல் கைப்பம்பால் காற்று விட்டுப் பாருங்கள். கரன்ட் இல்லாதபோது காற்று போகவே கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று திறக்க வேண்டும். தட்டும்போது கறுப்புத் துகள் கொட்டினால் கரி டப்பா உடைந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அதே துகளில் சிக்கித் திறந்தே நிற்கும்.

இதற்குப் பெரிய காரணம் பங்க்கில்தான். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் முள்ளோடை வரை போய் ஃபுல் டேங்க் அடிக்கிறோம். நாசில் தானாக நின்ற பிறகும் ரவுண்டாக்க இன்னும் ஐம்பது ரூபாய்க்கு அழுத்துகிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் விரிந்து திரவமாகவே கரி டப்பாவுக்குள் போகிறது. அது ஆவிக்காகச் செய்த டப்பா, திரவம் பட்டால் கெட்டுவிடும். வண்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இனி வாடை. டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் அடித்தால் மேல்பக்கம் தேடுங்கள்: மூடி வாஷர், ஃபில்லர் ஹோஸ், அதை ஒட்டிய பிரீதர் ஹோஸ், டேங்க் மேல் பம்ப் கேஸ்கெட். கடல் காற்றில் கிளிப்புகள் துரு ஏறி அறுந்திருக்கும். எப்போதும் அடித்தால், அதுவும் சாவி போட்டவுடன் கூடினால், அது ஆவியே இல்லை, பம்பிலிருந்து இன்ஜினுக்கு அழுத்தத்தோடு பெட்ரோல் போகும் பிரஷர் லைனில் திரவக் கசிவு. ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கடியில் இருக்கிறது, அதனால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் இறுகி விரிசல் விடும். புது ஹோஸ் வாங்கும்போது அதில் 'ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், சாதாரண ஹோஸ் ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, லைனுக்குள் புகை விட்டுக் காட்டும் ஸ்மோக் மெஷின்தான் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். அது இல்லாத பட்டறையிலும் வழி உண்டு. கரி டப்பாவின் காற்று வழியையும் பர்ஜ் வழியையும் அடைத்து, டேங்க் ஆவி லைனில் தண்ணீர் ஊற்றிய, உள்ளே தெரியும் ஹோஸை யு வடிவில் இணைத்து, கைப்பம்பால் இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசம் 14 அங்குலம் ஆகும்வரை மட்டும் ஏற்றுங்கள். அமெரிக்காவில் 1990களில் வைத்த சோதனை இதுதான்: 2 நிமிடத்தில் 8 அங்குலத்துக்குக் கீழ் இறங்கினால் ஃபெயில். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் எங்கே வருகிறது என்று பாருங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை டேங்கில் வைத்தால் டேங்க் உப்பிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

சரிசெய்த பிறகு இருபது நிமிடம் ஓட்டி, சூட்டோடு பி.யு.சி.க்குப் போங்கள். சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் ஆறியிருந்தால் நல்ல வண்டிக்கும் ரீடிங் கூடுதலாகக் காட்டும்.